கரடிக்கு எட்டாத கிளை

மினசோட்டாவின் வடக்கே, ஏரிக்கரைக் காட்டுப் பாதையில் முதுகு மூட்டையோடு நடப்பது மாரிட்டுக்குப் புதிதல்ல. கோடை வந்தால் கிளம்பிவிடுவாள். போன கோடையில் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மார்பிலிருந்த கட்டியோடு அக்குளிலும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். நோய் போய்விட்டது என்றார் டாக்டர். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற்றிப் பழகச் சொன்னார்கள். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். வலி உயிரை வாங்கவே விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை தங்கை கேரினும் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கும் காட்டுக்கும் ஏழாம் பொருத்தம். “நீ தனியா போய் எங்கயாவது விழுந்து கெடந்தா யாருக்கா வந்து தூக்குறது?” என்று சொல்லி, புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் இரண்டு குதிகாலும் கொப்புளம்.

சாயங்காலம் கூடாரம் போட்டு, காட்டரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடித்து, பாத்திரம் கழுவியாயிற்று. மிச்சச் சாப்பாட்டை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள் மாரிட். பற்பசை, சோப்பு எல்லாம் அதற்குள்தான். கரடிக்கு வாசனை என்றால் எல்லாம் ஒன்றுதான்.

கூடாரத்தை விட்டுத் தள்ளியே ஒரு கிழட்டுப் பைன் மரம் பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, அடிமரத்தை விட்டு நன்றாக விலகி நீண்ட கிளை. பையைக் கரடிக்கு எட்டாமல் அதில் தொங்கவிட, காலுறைக்குள் கல்லைப் போட்டு, கயிற்று நுனியில் கட்டிக் கிளைக்கு மேலே வீசினாள். கை பாதியிலேயே நின்றது. கல் அவள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. மறுபடி வீசினாள். அக்குளுக்குள் யாரோ நரம்பைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது. இத்தனை வருஷமும் ஒரே வீச்சில் முடிகிற வேலை இது.

“குடுக்கா, நான் பாக்குறேன்.”

“நீ சும்மா இருடி.”

“பை இப்படியே கெடந்தா ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா? குடுன்னா!”

கேரின் வீசிய முதல் தடவை கல் கயிற்றோடு பின்னால் போய் ஏரியில் விழுந்தது. இரண்டாவது தடவை புதரில் சிக்கியது. மூன்றாவது தடவை நேரே மேலே போய் நேரே கீழே வந்தது. இருவரும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

“கரடி அடிச்சுச் செத்தாலும் கௌரவம் உண்டு. உன் கல்லடி பட்டுச் செத்தா ஊரே சிரிக்கும்டி,” என்றாள் மாரிட். கேரின் சிரித்தாள். மாரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பையைக் கட்டத் துப்பில்லாமல் எதற்கு வந்தோம் என்று இருந்தது. “காலைல திரும்பிடலாம்,” என்றாள்.

கேரினின் கண் புதர்ப் பக்கம் போயிருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. “அக்கா… அங்க…”

புதருக்கு அந்தப் பக்கம் கருப்பாக ஒன்று அசைந்தது. கரடிதான். மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி, தரையில் கிடந்த பையை நோக்கி அவசரமில்லாமல் வந்தது.

“ஓடாதே. என் பக்கத்துல வந்து நில்லு,” என்றாள் மாரிட். அடுப்பின் மேலிருந்த சட்டியையும் கரண்டியையும் எடுத்தாள். “போ! போ அந்தாண்ட! இது எங்க சோறு!” என்று கத்திக்கொண்டே தட்டினாள். கேரினும், தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் ஆபீசில் அப்பாயின்ட்மென்ட் தவறவிட்டவர்களைத் திட்டுகிற குரலில் திட்டினாள். கரடி நின்றது, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அலுப்போடு திரும்பி, வந்த வழியே போயிற்று.

காடு அடங்கியது. கேரின் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் கையப் பாரு.”

மாரிட் நிமிர்ந்து பார்த்தாள். வலது கை தலைக்கு மேலே, சட்டியைப் பிடித்தபடி நின்றது. பார்த்த பிறகுதான் வலித்தது; கண்ணில் நீர் முட்டியது. இறக்கினாள். மெதுவாக மறுபடி ஏற்றினாள். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“அவ்வளவுதான்,” என்றாள்.

“அவ்வளவு இருக்கேக்கா!”

அந்தக் கையை வைத்துக்கொண்டும் கல்லை வீச முடியவில்லை. கடைசியில் கேரின் குனிந்து, கல்லைக் கால்களுக்கிடையே ஊஞ்சலாட்டிக் கீழிருந்து விட்டெறிந்தாள். எப்படித்தான் போயிற்றோ, கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. தன் கைவேலையை நம்ப முடியாமல் அவளே வாயைப் பிளந்தாள். கயிற்றை இருவருமாக இழுத்தார்கள். பை ஆடி ஆடி மேலே போயிற்று. முடிச்சை மாரிட் போட்டாள்.

காலையில் அடிமரத்தில் புதிய நகக் கீறல்கள் இருந்தன. பை மட்டும் மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கேரின் கீறல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாவம், ராத்திரி பூரா மெனக்கெட்டிருக்கு,” என்றாள்.

மாரிட் காபி கலந்தபடி வரைபடத்தை விரித்தாள். “அடுத்த எடத்துல அருவி இருக்கு. உன் கால் தாங்குமா?”

“கொப்புளத்துக்கு மேல பிளாஸ்திரி ஒட்டிக் குடு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், இனிமே கல்லு என் டிபார்ட்மென்ட்டு.”

மாரிட் பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள்.