நீலம் அணைந்த பிறகு

றுக்கியா சாவியை அரைவாசி திருப்பிவிட்டு நிறுத்தினாள். எஞ்சின் இன்னும் இயங்கவில்லை. காரின் முகப்புப் பலகையில் மஞ்சளும் சிவப்புமாக எல்லா விளக்குகளும் எரிந்தன. நடுவில் ஒரு நீலம். வெள்ளிக்கிழமைக் காலை வெயில் நேரே அடித்ததால் கையால் மறைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

“எல்லாம் எரியுதா?” கத்தாரிலிருந்து ஜவ்பர் கேட்டான்.

“ஓம். கேத்தல், பெட்டி, பந்து வச்சிருக்கிற ஆள், எல்லாரும் வந்திட்டாங்க.”

கேத்தல் என்றது எஞ்சின் எண்ணெயைக் காட்டும் விளக்கை. பெட்டி, பற்றரி. மடியில் பந்தோடு உட்கார்ந்திருப்பவர் எயார்பேக். புருசன் சொல்லிக்கொடுத்த பெயர்கள் அவளுக்கு மனதில் நிற்கவில்லை. கண்ணுக்குப் பட்டதைத்தான் சொல்லுவாள். அவனும் திருத்துவதில்லை. எஞ்சினை இயக்க முன்னர் எல்லாம் எரிய வேண்டும். எரியாமல் பேசாமல் கிடக்கிற விளக்கை நம்பக் கூடாது. இயக்கிய பிறகு எல்லாம் அணைய வேண்டும். அணையாததை என்னவென்று கேட்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

போன லீவில் வந்தபோது வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. நிலாவெளிக் கடலுக்குப் போவோம், போவோம் என்று சொல்லியே லீவு முடிந்துபோனது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வீட்டு வளவு துறைமுகப் பக்கம் சரிந்து கிடப்பதால் டயர்களுக்குக் கல் வைத்துவிட்டுப் போனான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி கனநாள் விட்டால் இறுகிவிடும், கல்லே போதும் என்றான். பற்றரி செத்துப்போகாமல் கிழமைக்கு ஒருக்கால் அவள் இயக்கிவிட வேண்டும். அவளுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து வளவு சித்தி பரீதா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “காரோட குடும்பம் நடத்துறாய் போல” என்று நக்கலடிப்பாள்.

அதில் பொய்யும் இல்லை. மற்ற நாட்களில் அவன் ஆட்கள் நிறைந்த அறைக்குள்ளிருந்து பேசுவான். சாப்பிட்டியா, உம்மாக்கு என்ன மாதிரி, சரி வைக்கிறன். வெள்ளிக்கிழமையில் மட்டும் காருக்காக மொட்டை மாடிக்கு ஏறுவான். அங்கே வீடியோ வராது, குரல் மட்டும்தான். அந்தக் குரல் வேறு. பக்கத்து இருக்கையில் அவனே இருப்பதுபோல இருக்கும். நீல விளக்கு எஞ்சின் சூடாகும்வரை எரியும். அது அணைந்ததும் “சரி, நிப்பாட்டு” என்பான். திருகோணமலை வெக்கைக்கு இரக்கமே கிடையாது, நாலு கதை கதைக்க முன்னர் நீலம் போய்விடும். மாரியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அதற்காகவே அவளுக்கு மழை பிடித்தது.

ஒருநாள் இருக்கையைத் துடைக்கும்போது கை பட்டு ஹேண்ட் பிரேக் மேலே வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. நீலம் போன பிறகும் ஒரு சிவப்பு நின்றது. பயந்துபோய்ச் சொன்னாள். “எந்தக் கலர்? என்ன வடிவம்?” என்று தொடங்கி, பிரேக் எண்ணெய், டயருக்குக் கீழே ஈரம், எலி கடித்த வயர் என்று அவன் நெடுநேரம் கேட்டான். நடுவில் அவள் சமையல், அவனுடைய இருமல் என்று கதை எங்கெல்லாமோ போனது. போனை வைத்த பிறகுதான் அவள் பிரேக்கைக் கண்டாள். இறக்கினாள், சிவப்பு அணைந்தது. அடுத்த வெள்ளி, போன் வர முன்னரே தானாக அதை இழுத்துவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அவன் வேண்டும், வேறென்ன செய்ய? பாவம், எத்தனை வருசமாய் பஸ் ஓட்டுகிற மனுசன், ஹேண்ட் பிரேக்கை மட்டும் கேட்க மறந்துபோகிறானே என்று சிரித்தும் கொண்டாள்.

இன்றைக்கும் இழுத்து வைத்திருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். சீற் கவர்களைக்கூடக் கழுவிப் போட்டாயிற்று. சாவியை முழுதாகத் திருப்பினாள். எஞ்சின் இரைந்தது. விளக்குகள் அணைந்தன. கொஞ்சத்தில் நீலமும் போனது.

“சிவப்பு நிக்குது” என்றாள்.

வழக்கமான கேள்வி வரவில்லை. 

“ஹேண்ட் பிரேக்க இறக்கு, றுக்கியா.”

அவள் பிரேக் லீவரைப் பார்த்தாள்.

“பெருநாளைக்கு வர ஏலாது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டன். கார் சும்மா கிடந்து பழுதாப் போகுது, வித்திடுவம். கார் வாங்கி விக்கிற லாபிர் வந்து பார்ப்பான்.”

வராததைவிட அந்த முதல் வார்த்தைதான் அவளை அடித்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எலி கடித்த வயரைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.

லீவரை இறக்கினாள். முகப்பில் ஒன்றுமே எரியவில்லை. கார் நல்ல சுகமாக இருந்தது. கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அழுகை வந்தது, அடக்கவில்லை. அவனும் போனை வைக்கவில்லை.

“நிப்பாட்டட்டா?” என்று கேட்டாள். 

மூக்கைத் துடைத்துக்கொண்டு, லீவரைப் பிடித்து மேலே இழுத்தாள். அந்தக் கறகற சத்தம் போன் வழியே அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

“திரும்ப எரியுது” என்றாள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

“எந்தக் கலர்?”

றுக்கியா குனிந்து, வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தாள்.