முதல் ஸ்டேஜில் முப்பத்தெட்டுப் பேர்

கூட்ரோட்டு டீக்கடை எதிரில் வண்டி நின்றது. கடையின் ட்யூப்லைட் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழும் ஒரே சீட்டில் கண்டக்டர் வரதன் உட்கார்ந்து, பையைத் தொடைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தான். தினமும் நடப்பதுதான். டிரைவர் இறங்கி டீ குடிப்பார். அறுபது அறுபத்தைந்து பேருக்குக் கிழித்து முடியும்போது அவர் கிளாஸும் காலியாகும். வண்டி மகாபலிபுரம் பக்கம் திரும்பும்.

அன்றைக்குக் கிழித்துக்கொண்டே சொன்னான்.

"ஒண்ணாந் தேதிலருந்து வண்டி காலனிக்கு வராது. இங்கருந்துதான் கெளம்பும். அப்பால கண்டக்டர் சொல்லலன்னு யாரும் சொல்லக் கூடாது."

"இன்னா கண்டக்டரே, காலங்காத்தால ஊத்திகினு வந்தியா?" என்றாள் கல்யாணி. ஐம்பது வயது. வாய்க்கு மட்டும் இருபது.

"ஆர்டர் வந்துகீதும்மா. காலனில ஆளே ஏறலியாம். ஆறு கிலோமீட்டர் வண்டி சும்மா போயி சும்மா வருதாம். ஆபீஸ்ல கணக்குப் போட்டுட்டாங்க."

பொன்னி கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். பின் படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தோளில் ஒருத்தியின் சாப்பாட்டுத் தூக்கு இடித்துக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர் சும்மா போகிற வண்டி.

பனங்காட்டுச்சேரி காலனியில் வயல் வேலை செத்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. நாற்று நட்ட நிலமெல்லாம் கல் நட்டு மனைகளாக நின்றன. ஆணும் பெண்ணும் கடற்கரை ரோட்டில் எழும் ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் கல் தூக்கப் போனார்கள். ஏழு மணிக்கு மேஸ்திரி நோட்டை விரித்துப் பேர் எழுதுவார். ஏழே காலுக்கு நோட்டை மூடுவார். அதற்குப் பின் வந்தவள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பொன்னியின் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருடமாக வீட்டோடு கிடந்தான். அந்த நோட்டில் பொன்னி பேர் விழுந்தால்தான் அந்த வீட்டில் உலை.

காலனியிலிருந்து கூட்ரோட்டுக்கு ஏரிக்கரை மேலே ஆறு கிலோமீட்டர். மார்கழி இருட்டில், பனியில், நாய்களுக்கும் பாம்புகளுக்கும் நடுவே நடந்து வந்து வண்டி பிடிக்க வேண்டும் என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். கிளம்பலாம். எத்தனை நாள் கிளம்பலாம்?

"கணக்கு எங்க கீது?" என்று கேட்டாள்.

"டிப்போல. அங்க போயி இன்னா பண்ணப் போற?"

"பார்க்கப் போறேன்."

மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பொன்னியும் கல்யாணியும் டிப்போவுக்குப் போனார்கள். கிளை மேலாளர் பாலசுப்ரமணியன் கத்துகிற ஆள் இல்லை. இருவரையும் உட்காரச் சொன்னார். கல்யாணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பொன்னி நின்றாள்.

"எங்களுக்கும் வண்டிய நிறுத்தணும்னு ஆசை இல்லம்மா. ஒவ்வொரு வண்டியும் கிலோமீட்டருக்கு எவ்வளவு கொண்டு வருது, எத்தனை பேர ஏத்துதுன்னு மாசா மாசம் மேல அனுப்பணும். உங்க வண்டி கடைசியில நிக்குது. காலியா ஓடுற தூரத்த வெட்டுன்னு சொல்றாங்க."

"காலின்னு யாரு சொன்னது?"

அவர் கணக்குப் பிரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மார்கரெட் என்ற பெண் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கார்பன் நீலம்.

"இது கண்டக்டர் எழுதுற இன்வாய்ஸ்மா," என்று பொன்னிக்குக் காட்டினாள். "ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் கையில இருக்கற கட்டுல அடுத்த டிக்கெட் நம்பர் என்னன்னு எழுதணும். அதுக்குப் பேரு ஸ்டேஜ் க்ளோஸ் பண்றது. இந்த ஸ்டேஜ் நம்பருக்கும் அடுத்த ஸ்டேஜ் நம்பருக்கும் நடுவுல எத்தனை டிக்கெட் போயிருக்கோ, அத்தனை பேர் ஏறியிருக்காங்க. உங்க வண்டியப் பாருங்க. காலனி, சைபர். ஏரிக்கரை, சைபர். மூலையூர், சைபர். கூட்ரோடு, அறுபத்தி மூணு. அடுத்த நாளும் அப்படித்தான். மாசம் முழுக்க அப்படித்தான்."

"அறுவத்தி மூணு பேரும் கூட்ரோட்டுல எங்கருந்து மொளைச்சோம்?" என்றாள் கல்யாணி. "வானத்துலருந்து குதிச்சமா?"

மார்கரெட் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நாலு ஸ்டேஜுக்கும் ஒரே விலை டிக்கெட்டுதான். அதனால டிக்கெட்டப் பார்த்து எங்க ஏறினீங்கன்னு சொல்ல முடியாதும்மா. இந்த நம்பர் ஒண்ணுதான் சாட்சி."

பொன்னி அந்தத் தாளையே பார்த்தாள். எழுத்து தெரியாது. எண் தெரியும். வரிசையாக மூன்று முட்டை. அதற்குக் கீழே அறுபத்து மூன்று.

அவளுக்கு விளங்கிவிட்டது. கல் தூக்குகிற இடத்தில் ஒவ்வொரு நடைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட வேண்டும். மேஸ்திரி சோம்பல்பட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மொத்தமாகப் போட்டாரென்றால், முதல் மாடிக்குத் தூக்கிய கல் தரைக்குத் தூக்கிய கல்லாக மாறிவிடும். தூக்கியது நிஜம். கோடு இருக்கிற இடம் பொய். வரதன் டீக்கடை வெளிச்சத்தில் போடுவது அந்த மத்தியானக் கோடுதான்.

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வரதன் வேலைக்கு உலை. மூன்று ஸ்டேஜ் டிக்கெட் இல்லாமல் ஆள் ஏற்றினான் என்று எழுதுவார்கள். அவனும் அச்சரப்பாக்கம் பக்கத்துக் காலனிக்காரன். அவன் அம்மா களை பறித்த கையைப் பற்றி அவன் சொல்லி இவர்கள் கேட்டதுண்டு. வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் எத்தினி நாள் கீது சார்?"

"ஒண்ணாந் தேதிக்குப் பன்னண்டு நாள் இருக்கு."

"பன்னண்டு நாளும் கணக்கு வரும் இல்ல? அதப் பாருங்க. பார்த்துட்டு வெட்டுங்க."

பாலசுப்ரமணியன் மேஜைக் காலண்டரில் ஒரு தேதியைச் சுழித்தார். "சரி. பாக்கறேன்," என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே காலுக்கு வண்டி காலனி ஆலமரத்தடியில் வந்து திரும்பியது. முந்தின ராத்திரியே பேசி வைத்தபடி யாரும் ஏறவில்லை. பொன்னி மட்டும் முன் படியில் கால் வைத்து வரதனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாத்த, டிக்கெட் குடு."

"கூட்ரோட்டுல தரேன், ஏறு."

"இங்க குடு. இங்கயே எழுது. நீ அங்க எழுதறதாலதான் நாங்க இங்க இல்ல."

வரதனுக்கு முகம் மாறியது. "மொத்தத்தத்தானே பார்ப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான் மெதுவாக. பிறகு குரல் தடித்தது. "உள்ள ஒரு பல்பு எரியுதா பாரு. ரோட்டப் பாரு, பேனா புடிக்க முடியுதா? அஞ்சு வருஷமா நான்தான் இந்த இருட்டுல வந்துகினு கீறேன். நேத்து வரைக்கும் சைபர், இன்னிக்கு முப்பதுன்னா கேள்வி எங்க வரும்? உங்கிட்டயா வரும்? எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கீது பொன்னி."

"வரும். உன்னாண்டதான் வரும்."

"அப்பறம்?"

"எங்க தப்பும் கீது. சீக்கிரம் போலாம், அங்க போயி வாங்கிக்கலாம்னு நாங்களுந்தான் சொன்னோம். கேட்டா அதையும் நான் சொல்றேன். ஆனா டிக்கெட் இல்லாம இங்க ஒருத்தி ஏற மாட்டா."

"ஏறாட்டி போங்க. காலியாவே ஓட்டறேன். சைபர்தானே, சரியாப் போச்சு."

டிரைவர் ஆரன் அடித்தார். பொன்னிக்குப் பின்னால் முப்பது பெண்களும் சில ஆண்களும் தூக்குகளோடு அசையாமல் நின்றார்கள். ஏழு மணி நோட்டு எல்லார் கண் முன்னாலும் இருந்தது. ஒருத்தி "போயிடுவான் போலக்கீதே" என்று முனகினாள். கல்யாணி மடியிலிருந்து டார்ச்சை எடுத்து வரதன் பையின் மேல் அடித்தாள்.

"உன்னக் காலியா அனுப்பிட்டு நாங்க இன்னாத்துக்குய்யா ஊருக்குள்ள இருக்கணும்? கிழி. வெளிச்சம் நான் புடிக்கறேன்."

வரதன் டிக்கெட் கட்டை அந்த வெளிச்சத்துக்கு நேராக எடுத்தான். பிறகு எச்சிலைத் தொட்டு முதல் டிக்கெட்டைக் கிழித்தான்.

முதல் நாள் பதினைந்து நிமிடம் தாமதம். ஆறு பேருக்கு மேஸ்திரி நோட்டில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஆறு பேரில் பொன்னியும் ஒருத்தி. மணலில் நடந்து திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: நாளைக்கு ஐந்து மணிக்கு மரத்தடியில் வரிசை. ஏரிக்கரைக்கும் மூலையூருக்கும் ஆள் அனுப்பினாள். இரண்டாம் நாள் கல் இறக்குகிற வரிசை மாதிரி நின்றார்கள். சரியான சில்லறை கையில். வண்டி வந்து திரும்புவதற்குள் பாதி டிக்கெட் முடிந்தது. மூன்றாம் நாளிலிருந்து நேரம் பிசகவில்லை.

ஒரு யோசனையும் வந்தது. "ஆளுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கலாம்டி. நம்பர் ஏறும்," என்றாள் ஒருத்தி.

"வேணாம்," என்றாள் பொன்னி. "இல்லாத கல்ல எண்ணினா, இருக்கற கல்லையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். எத்தினி பேரோ அத்தினி."

ஒன்பதாம் நாள், வண்டியிலிருந்து வரதனுக்கு முன்னால் பாலசுப்ரமணியன் இறங்கினார். காதைச் சுற்றி மப்ளர். கையில் ஒரு சின்ன நோட்டு. கூட்ரோட்டில் ஏறி, காலி வண்டியில் குலுங்கி வந்திருந்தார். யாரிடமும் பேசவில்லை. வரிசை ஏற ஏற, விரலால் தலைகளை எண்ணினார். வரதன் கிழித்தான், கல்யாணி டார்ச் பிடித்தாள். இன்வாய்ஸில் நம்பரை எழுதியதும் அவர் அதை வாங்கித் தன் நோட்டோடு வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. ஏரிக்கரையில் பதினொன்று, மூலையூரில் பதினான்கு. கூட்ரோட்டில் ஏறியது இரண்டே பேர்.

அவர்களை ஏற்றியதும் வண்டி டீக்கு நிற்காமல் கிளம்பியது. டிரைவர் டீக்காக ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"வரதன்," என்றார் பாலசுப்ரமணியன். "போன மாசம் இவங்கள்லாம் எங்க இருந்தாங்க?"

வரதன் பைத்தோலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சார், நாங்கதான் அங்க போயி வாங்கிக்கறோம்னு…" என்று பொன்னி ஆரம்பித்தாள்.

"நீ இரு பொன்னி." வரதன் நிமிர்ந்தான். "என் தப்பு சார். இருட்டு, ரோடு சரியில்ல. கூட்ரோட்டு டீக்கடை லைட்டுல மொத்தமா கிழிச்சு அங்கயே எழுதுவேன். அஞ்சு வருஷமா."

"ஸ்டேஜ் க்ளோஸ் பண்ணாம ஆள் ஏத்தினா என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதிக் குடுங்க. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் பழைய கணக்கு தப்புன்னு நான் மேல சொல்ல முடியும். இல்லன்னா இந்த ஒம்போது நாளத்தான் தப்பும்பாங்க."

பொன்னி அப்போதுதான் அதைப் புரிந்துகொண்டாள். இந்த ஒன்பது நாள் வரிசையில் நின்றது மட்டும் போதாது. இவன் தன் கையால் எழுதினால்தான் வண்டி வரும். அவள் வரதனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கண்ணையும் விலக்கிக்கொள்ளவில்லை.

வரதன் பாலசுப்ரமணியனிடம் ஒரு தாள் வாங்கினான். வண்டி ஓடுகிற குலுக்கலில், இன்வாய்ஸ் அட்டைமேல் வைத்து எழுதினான். கோணல்மாணலாக எட்டு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஒன்றாம் தேதி வண்டி வந்தது. காலையிலும் சாயங்காலமும் வரும் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியான நடை நின்றது. அதில் நாலு பேர்தான் ஏறினார்கள். மத்தியானத்தில் டீக்கடை லைட் தேவையில்லை என்பதால் அந்தக் கணக்கு முதலிலிருந்தே சரியாக இருந்தது. மத்தியானத்தில் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இனி ஆட்டோதான் என்று பொன்னிக்குத் தெரியும். ஆனாலும் அதற்காக அவள் யாரிடமும் போகவில்லை.

வரதனுக்கு ஓர் இன்கிரிமெண்டை ஆறு மாதம் பிடித்து வைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் கல்யாணி ஒரு தூக்கு நிறைய இறால் குழம்பு கொண்டுவந்தாள். அவன் வாங்கவில்லை. பத்து நாள் யாரோடும் பேசாமல் கிழித்தான். பொன்னிக்குக் கொடுக்கும்போது டிக்கெட்டை மட்டும் பார்த்தான். பொன்னியும் சமாதானம் சொல்லப் போகவில்லை. அவன் இழந்தது நிஜம். அதைப் பேசி ஈடுகட்ட முடியாது. உள்ளே பல்பும் இன்னும் போடவில்லை.

பதினோராம் நாள் கல்யாணிக்குக் காய்ச்சல். டார்ச் பொன்னி கையில் வந்தது. அவள் படியோரம் நின்று பிடித்தாள். வரிசை ஏறி முடிந்தது. வரதன் இன்வாய்ஸை விரித்தான்.

"கொஞ்சம் கிட்ட புடி," என்றான். "இன்னிக்கு எத்தினி?"

"முப்பத்தேழு. கல்யாணி வரல."

அவன் கட்டின் மேல் நம்பரைப் பார்த்தான். முந்தைய நம்பரைக் கழித்தான். முப்பத்தேழுதான். எழுதிவிட்டு விசிலை வாயில் வைத்தவன், எடுத்துவிட்டுக் கேட்டான்.

"காய்ச்சல் ரொம்பவா?"

"நாளைக்கு வந்துரும் கெழவி."

"வரச் சொல்லு," என்றான் வரதன். "ஒரு ஆள் கொறையுது."