லோல்வே ரோவர்ஸை விற்ற பிறகு

லோல்வே ரோவர்ஸ் ஃபுட்பால் கிளப்பை சிமெண்ட் கம்பெனிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று கென்யாவின் கிசுமு நகரில் கூட்டம் போட்ட அன்று, மில்கா அபோண்டிக்குப் பேசும் எண்ணமே இல்லை. காலை முழுக்க டிஸ்பென்சரியில் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு, நர்ஸ் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, சமூகக் கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிஸ்மஸ் ஒகோலா. லாரி மெக்கானிக், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஆள்.

பத்தொன்பது வருஷமாக ஸ்டேடியத்தின் கிழக்குப் பக்க மண்மேட்டில் இருவருக்கும் ஒரே இடம். மில்காவின் கணவர் இறந்த வருஷம், வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள முடியாமல் ஒரு ஆட்டத்துக்குப் போனவள், அப்புறம் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. ஒகோலா முரசு அடிப்பான். அவள் பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுப்பாள். இரண்டாவது வரியை மேடு முழுக்கப் பாடும்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது ஒகோலாதான்.

"கம்பெனிக்காரன் எதுக்கு வர்றான்? ஃபுட்பால் மேல ஆசையா? அவனுக்கு மூட்டை விக்கணும். அதுக்கு நம்ம பசங்க முதுகு வேணும், பேர் எழுதிக்க. நாளைக்கு மூட்டை விக்கலேன்னா பசங்கள எங்க கொண்டு போய் இறக்குவான்?"

"உன் ஒர்க்‌ஷாப்லதான்!" என்று யாரோ கத்த, கூடம் சிரித்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இந்தக் கிளப்ப ஆரம்பிச்சது யாரு? ரயில்வே கூலிக்காரங்களும் மீன் வித்த பொம்பளைங்களும். வித்துட்டா அப்புறம் நாம யாரு? டிக்கெட் வாங்கற ஆளு. அவ்வளவுதான்."

"நீ என்னைக்குய்யா டிக்கெட் வாங்கின? சுவரேறிக் குதிச்சுத்தானே வர்ற!" என்றார் முன்வரிசையிலிருந்த ஒரு டாக்சிக்காரர்.

மறுபடி சிரிப்பு. ஒகோலாவும் சிரித்துவிட்டான். அப்போது யாரோ, ஃபேபியன் வாண்டெராவின் கால் முறிந்ததைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். வாண்டெரா கிளப்பின் இடதுபக்க முன்கள வீரன். "அதெல்லாம் ஆட்டத்துல சகஜம்ப்பா, அதுக்காக கிளப்ப விக்கறதா?" என்று ஒரு குரல் வந்தது.

மில்கா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"சகஜமா? அந்தப் புள்ள மூணு வாரம் பொது வார்டுல கெடந்தான். ஆபரேஷன் பண்ணணும்னாங்க, கிளப்புல காசில்ல. நம்ம கிளப்பு, நம்ம கிளப்புன்னு தொண்ட கிழியப் பாடறோமே, அந்த மூணு வாரத்துல எத்தன ஓனர் வந்து எட்டிப் பாத்தீங்க? நான் தினம் போனேன். எனக்குத் தெரியும். ஒகோலா ஒரு தடவ வந்தான், ஆரஞ்சு வாங்கிட்டு. மத்தவங்க?"

மில்கா பெஞ்சைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அஞ்சு மாசமா பசங்களுக்குச் சம்பளம் இல்ல. ரெண்டு பேரு பட்டினியோட ஆடினாங்க, இடைவேளைல நான்தான் குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தேன். கம்பெனிக்காரன் நல்லவன்னு நான் சொல்லல. ஆனா அவன் சோறு போடறேங்கறான். நாம பாட்டுதான் போடறோம்."

கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். அறுபத்தோரு பேர் கொடுக்கலாம் என்றார்கள். ஐம்பத்தெட்டு பேர் கூடாது என்றார்கள். ஒகோலா தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"பேசினது நீ, மில்கா. உன் பேச்சு இல்லேன்னா இது நடந்திருக்காது," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் பின்னால் ஐம்பது பேருக்கு மேல் எழுந்து போனார்கள்.

கம்பெனி சொன்னதைச் செய்தது. அதை மில்கா எந்த நாளும் மறுத்ததில்லை. வாண்டெராவுக்கு நைரோபியில் ஆபரேஷன் நடந்தது, எட்டாவது மாதம் அவன் மறுபடி ஓடினான். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. மண்மேட்டை இடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் வைத்த படிக்கட்டு கட்டினார்கள். பச்சையும் வெள்ளையுமாக இருந்த சட்டை ஆரஞ்சு நிறமானது. லோல்வே என்ற பெயர் முதல் வருஷம் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் சின்னதாக இருந்தது. இரண்டாவது வருஷம் அதையும் காணவில்லை.

புதுப் படிக்கட்டில் மில்காவுக்கு ஏழாவது வரிசை. சுற்றிலும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஆட்கள், எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த ஆரஞ்சு பனியன். நல்லவர்கள்தான். நிலக்கடலைப் பொட்டலத்தை அவள் பக்கமும் நீட்டுவார்கள். ஆனால் கோல் விழுந்தால் ஒலிபெருக்கி பாடும். அவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள்.

ஒருநாள் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. ஆட்டம் சமநிலையில் இருந்தது, பத்து நிமிஷம் மீதி. பையன்கள் களைத்துப்போய்க் கால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மில்கா எழுந்து நின்றாள். மூச்சை இழுத்து, பழைய பாட்டின் முதல் வரியைப் பாடினாள். அவள் குரல் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கப் படிக்கட்டிலிருந்தும் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரிக்காக நின்றாள். யாரும் பாடவில்லை. யாருக்கும் தெரியாது. மைதானத்தில் வாண்டெரா மட்டும் ஒரு கணம் நின்று அவள் இருக்கும் பக்கம் பார்த்தான், அதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது.

"அம்மா, உக்காருங்கம்மா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது," என்றான் மஞ்சள் மேல்சட்டை போட்ட காவலாள். மரியாதையாகத்தான் சொன்னான். அவள் உட்கார்ந்தாள்.

அன்று ஒகோலாவோடு வெளியே போனவர்கள் சும்மா இருக்கவில்லை. லோல்வே மக்கள் கிளப் என்று புதிதாகப் பதிவு செய்து, கிபுயே சந்தைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஆட ஆரம்பித்திருந்தார்கள். கடைசி டிவிஷன். சனிக்கிழமை மதியம் ஆட்டம். அந்த நேரம் மில்காவுக்கு டிஸ்பென்சரி டியூட்டி. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஒகோலாவின் முரசு கேட்கும். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, இப்போது கார்னர், இப்போது ஃப்ரீ கிக் என்று அவளால் அடியை வைத்தே சொல்ல முடிந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒருமுறை ஒகோலாவே கையைக் கிழித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தான். ஜாக்கி நழுவிவிட்டதாம். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஐந்து தையல் போட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லங்க சிஸ்டர்."

ஊரே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவன் மட்டும் கூப்பிட்டதில்லை. மில்கா ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"தண்ணி படாம பாத்துக்க. பத்து நாள்ல வந்து பிரிச்சுக்கணும்."

"சரிங்க. நீங்க சொன்னா சரி," என்றான். பத்தாம் நாள் அவன் வரவில்லை. வேறு டிஸ்பென்சரியில் பிரித்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

நாலாவது சீசன் முடிந்த மறுவாரம், அணியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. வாண்டெராதான் வந்து சொன்னான். டிஸ்பென்சரி வாசலில் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, சுவரோரமாக நின்றான்.

"ஒரே ஒரு தாள் சிஸ்டர். வியாபாரம் சரியில்லையாம். லீக்ல நம்ம இடத்த தலைநகர்ல யாருக்கோ வித்துட்டாங்களாம்."

"உனக்கு?"

"தீகா ஊர்ல ஒரு டீம் கூப்பிடறாங்க. நாளைக்குக் கெளம்பறேன்." வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். "ஊர்ல எல்லாரும் உங்களத்தான் ஏசறாங்க. என்னைக் கேட்டா, நீங்க அன்னைக்கு எந்திரிச்சுப் பேசலேன்னா இந்தக் கால் இன்னைக்கு இப்படி மடங்காது." முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினான்.

அவன் போனபின் அவள் வழக்கம்போல மருந்து அலமாரியைப் பூட்டினாள், வீட்டுக்குப் போனாள், சோளமாவில் உகாலிக் களி கிண்டினாள். ஒருத்திக்கு எவ்வளவு மாவு போடுவது என்று கை அன்று மறந்துபோய், நாலு பேர் சாப்பிடும் அளவுக்குக் கிண்டிவிட்டாள்.

நாலைந்து வாரம் பொறுத்து, ஒரு சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு சந்தைப் பொட்டலுக்குப் போனாள். ஏச்சு விழும் என்று நினைத்துத்தான் போனாள். யாரும் ஏசவில்லை. பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து கை கொடுத்தார்கள், சுகம் விசாரித்தார்கள். யாரோ ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, கோட்டோரமாகப் போட்டுத் துடைத்துக்கொடுத்தார்கள். மற்ற எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஏசியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பாட்டுகளும் புதுசு. ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அங்கேயே வேப்பமரத்தடியில் கூட்டம். மாவு மில் முதலாளி ஒருவர் கிளப்பில் பாதிக்கு மேல் பங்கு கேட்கிறார் என்பதுதான் விஷயம். மில்கா காதைத் தீட்டிக்கொண்டாள். எழுந்து, வட்டத்தின் ஓரமாகப் போய் நின்றாள்.

"கொடுத்துடலாம்," என்றான் ஒகோலா.

அவள் சரியாகத்தான் கேட்டாளா என்று இன்னும் ஒரு அடி முன்னே போனாள்.

"நம்ம கோல்கீப்பர் கல்குவாரிக்கு வேலைக்குப் போயிட்டான். இன்னும் ரெண்டு பேரு போகப் போறாங்க. நாலு வருஷமா இந்தப் புழுதில பசங்கள வச்சு நாம வீரம் பேசறோம். பசங்களுக்கு வயிறு இருக்கு."

"ஓகோ! இதுக்குத்தானா அண்ணே நீங்க அங்க இருந்து எந்திரிச்சு வந்தீங்க?" என்று எழுந்தாள் ஒரு இளம்பெண். ட்ருஃபேனா அகேயோ, சந்தையில் பழைய துணி விற்பவள், கிளப்பின் செயலாளர். "சிமெண்டுக்காரன் ஒரு தாள்ல முடிச்சான். மாவுக்காரன் அந்தத் தாளும் தரமாட்டான், போன்ல சொல்லுவான். கிளப் ஏழையா இருக்கட்டும். ஆனா இருக்கட்டும்!"

"நீ சொல்லுவம்மா. ராத்திரி பசியோட படுக்கறது நீ இல்லையே."

"அண்ணே, என் கடைல வந்து பாருங்க, நான் எத்தன நாளு பசியோட படுத்தேன்னு தெரியும்."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. மில்காவின் கை தானாக மேலே போயிருந்தது. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. இரண்டு பக்கமும் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்பது மட்டும் தெரிந்தது.

ட்ருஃபேனா அவளைப் பார்த்தாள். "நீங்க மெம்பரா?"

"இல்ல."

"மன்னிச்சுக்கங்க. மெம்பர் இல்லாதவங்க பேசக்கூடாது. எங்க விதி அப்படி."

மில்கா ஒகோலாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "விதிதான்," என்றான். "நான்தான் எழுதினேன்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

நாற்பத்துமூன்று பேர் வேண்டாம் என்றார்கள். இருபத்தொன்பது பேர் ஒகோலாவோடு நின்றார்கள். கூட்டம் கலைந்தது. அவன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். மில்கா கூடவே போனாள். இரண்டு டீயும் எண்ணெயில் பொரித்த மண்டாசி பன்னும் வந்தன.

"இனி எங்க போகப் போற?" என்று கேட்டாள்.

"எங்க போறது? சனிக்கிழம இங்கதான். தோத்தவன்லாம் கெளம்பினா யாரு ஆடறது?" மண்டாசியைப் பிட்டான், தின்னவில்லை. "அன்னைக்கும் இப்படி இருந்திருக்கணும். எனக்கு அப்ப வயசு பத்தல."

"உனக்கு அப்ப நாப்பத்தெட்டு."

"அதான் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. நாலு வருஷத்துக்குப் பேச வேண்டியது இருவரிடமும் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. டீயை முடித்துவிட்டு அவன் ஒர்க்‌ஷாப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான்.

ட்ருஃபேனா வேப்பமரத்தடியில் இன்னும் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மில்கா போய், மெம்பர் ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒரு படிவம், ஒரு சின்னத் தொகை. ஆறு மாதம் கழித்துத்தான் பேசவும் கை உயர்த்தவும் உரிமை வரும்.

"பேரு?"

"மில்கா அபோண்டி."

சிஸ்டர் என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு இந்தப் பெயர் ஒன்றையும் நினைவூட்டவில்லை. எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்தைப் படித்தாள். "இதுக்கு முன்னாடி ஃபுட்பால் பாக்கற பழக்கம் உண்டா?"

"கொஞ்சம்," என்றாள் மில்கா.

அந்த ஆறு மாதமும் டியூட்டியை மாற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் போனாள். நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புழுதியில் மற்றவர்களோடு நின்று, உதடசைவைப் பார்த்துப் பார்த்து, புதுப் பாட்டுகளை ஒவ்வொரு வரியாகக் கற்றுக்கொண்டாள்.