சிலுவைமுத்துவின் முட்டும் இரண்டாம் நம்பர் போர்ட்டும்

கோயில் மணிக்கூண்டுக்கு எழுபத்திரண்டு படிகள். சிலுவைமுத்துவின் வலது கால் முட்டுக்கு ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் தெரியும். முப்பது வருடமாக அவர் அங்கே கோயில்பிள்ளை. விளக்கேற்றுவதும் பூசைக்கு எடுத்துவைப்பதும் மணி அடிப்பதும் அவர் வேலை. எட்டு வருடத்துக்கு முன் மணிக்கு மின்சாரச் சுத்தியல் பொருத்தி, அதை இயக்கும் பெட்டியிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தபோது, ஊரில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். அன்றைக்கே மணிக்கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மூன்று வாரத்துக்கு முன் உப்புக்காற்று அந்தக் கம்ப்யூட்டரைத் தின்று முடித்தது. குவைத்தில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ஒல்லியாக, கறுப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மணிப்பெட்டியிலிருந்து வரும் ஒன்பது பின் வயரைச் செருக அதில் இடமில்லை. இப்போதெல்லாம் அப்படி ஒரு போர்ட் வருவதில்லை என்றார்கள் கடையில். சிலுவைமுத்து அலமாரியைத் திறந்து கயிற்றை வெளியே எடுத்தார்.

நாகர்கோவில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஆபரேஷன் என்றார். அதுவரை படி ஏறக் கூடாது.

“மணி அடிக்கலாமா டாக்டர்?”

“உட்கார்ந்துக்கிட்டே அடிக்க முடியும்னா அடிங்க.”

உட்கார்ந்துகொண்டே அடிக்க ஒரே வழிதான் இருந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் வேலை செய்ய வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்குத் திருவிழாக் கொடியேற்றம். பத்து நாள், நாளுக்கு ஐந்து முறை மணி. ஐம்பது தடவை ஏறி ஐம்பது தடவை இறங்க வேண்டும். இளவட்டங்களிடம் கேட்டுப் பார்த்தார். முதல் நாள் ஏழு பேர் ஏறி, கடலைப் பின்னால் வைத்து செல்பி எடுத்தார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

ஆகவே பகல் ஒரு மணிக்கு ராஜகுமாரின் பைக் கோயில் முற்றத்தில் வந்து நின்றபோது, சிலுவைமுத்து நொண்டிக்கொண்டே போய் அவருடைய பையை வாங்கிக்கொண்டார். ராஜகுமார் ஆரல்வாய்மொழிக்காரர். பதினைந்து வருடமாகக் காற்றாலைகளில் வயரும் பெட்டியும் பார்க்கிறவர். ஒன்பது பின் சாமான்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் குளோரி, யாரையோ பிடித்து அவருடைய நம்பரை வாங்கியிருந்தாள்.

ராஜகுமார் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளங்கை அளவு பச்சை அட்டை ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார். அதன் ஓரத்தில் இரண்டு ஒன்பது பின் போர்ட்டுகள் இருந்தன.

“இம்புட்டுதானா சாமான்?” என்றார் சிலுவைமுத்து.

“இம்புட்டுதான் அண்ணாச்சி.”

இம்புட்டும் உள்ளே போகவில்லை. அட்டையில் பிடித்திருந்த இரும்புத் தகடு, ஒல்லிக் கம்ப்யூட்டரைவிட இரண்டு விரல் உயரம். சிலுவைமுத்துவின் முகம் மாறியது. ராஜகுமார் அவசரப்படாமல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். குட்டைத் தகடு ஒன்று விழுந்தது. கூடவே ஒரு சிடியும் விழுந்தது. தகட்டை மாற்றி, அட்டையை அதன் இடத்தில் வைத்து அழுத்தி, திருகாணி போட்டு முடித்தார். 

குளோரி சிடியைக் கையில் வைத்துக் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தாள். “இத எங்க போடணும்?”

“எங்கயும் போட முடியாது. இதுல சிடி போடுத இடமே கெடையாது” என்றார் ராஜகுமார்.

“பின்ன என்னத்துக்குத் தந்திருக்கான்?”

“கருவாடு காயப்போடுத இடத்துல கெட்டித் தொங்க விடுங்க. காக்கா வராது.”

அட்டையைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண்பதற்கான மென்பொருளை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டியிருந்தது. ராஜகுமாரின் போனுக்குக் கடற்கரையில் சிக்னல் இல்லை. குளோரி தன் போனை மேஜையில் வைத்து அதிலிருந்து நெட் கொடுத்தாள். காலைப் பூசைக்காக சைலன்ட்டில் போட்ட போன் அப்படியே இருந்தது.

அடுத்த சிக்கல், புதிய போர்ட்டுகளுக்குக் கம்ப்யூட்டர் ஐந்து, ஆறு என்று நம்பர் போட்டிருந்தது. மணி மென்பொருள் எட்டு வருடப் பழசு. அதற்கு ஒன்றும் இரண்டும்தான் தெரியும். ராஜகுமார் ஐந்தை இரண்டாக மாற்றப் போனார். இரண்டாம் நம்பரில் ஏற்கெனவே ஆள் உண்டு என்றது கம்ப்யூட்டர்.

“யாரு இருக்கா?” என்றார் சிலுவைமுத்து.

“ஒருத்தரும் இல்ல. எப்பமோ எதையோ மாட்டிட்டு உருவிருப்பாவ. இது மறக்காம வச்சிருக்கு.”

“பூட்டிக் கெடக்குத வீட்டுக்கு ஆளிருக்குன்னு சொல்லுதா. நீரு தள்ளித் தொறயும் தம்பி.”

ராஜகுமார் தள்ளித் திறந்தார். பிறகு குளோரியிடம் ஒரு சேஃப்டி பின் வாங்கி, போர்ட்டின் இரண்டாவது பின்னையும் மூன்றாவது பின்னையும் அதால் இணைத்து, ஒரு எழுத்தைத் தட்டினார். அதே எழுத்து திரையில் திரும்பி வந்தது. அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு தெரிந்தது.

“நாம சொன்னதயே திருப்பிச் சொல்லுது. இதுக்கா இந்தப் பாடு?” என்றார் சிலுவைமுத்து.

“போறதும் வாறதும் செரியா இருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. இனி பொட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே வேகத்துல பேச்சு வைக்கணும். என்ன வேகம்னு எழுதி வச்சிருக்கியளா?”

ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மணிப்பெட்டி செய்தவர் இப்போது கோழித்தீவன வியாபாரம் செய்கிறார். ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு நேரம் ஆகும் என்பதால் குளோரி போனை மேஜையிலேயே விட்டுவிட்டு, திருவிழா நோட்டீசை வாங்கிவர மணவாளக்குறிச்சி அச்சகத்துக்குப் போனாள். சிலுவைமுத்து கொடிமரத்தின் அடியில் கயிறு ஓடும் கப்பிக்கு எண்ணெய் விடப் போனார். கொடிமரம் கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியின் முன்னால், அலுவலகத்திலிருந்து முந்நூறு அடி தூரத்தில் இருந்தது.

அவர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தபோது மேலே மணியில் ஓர் அடி விழுந்தது.

சிலுவைமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். முட்டைத் தடவிக்கொடுத்தார். ஐம்பது ஏற்றமும் ஐம்பது இறக்கமும் ஒரே அடியில் கழிந்துபோன மாதிரி இருந்தது. கப்பிக்கு இரண்டு சொட்டு கூடுதலாகவே விட்டார்.

அரை நிமிடம் கழித்து இன்னொன்று அடித்தது. ஒன்றே ஒன்று.

புட்டி அவர் கையில் அப்படியே நின்றது. அந்த ஊரில் பூசைக்கு மணி விடாமல் அடிக்கும். கடலில் ஆபத்தென்றால் தாறுமாறாக அடிக்கும். ஒன்று அடித்து, அதன் ரீங்காரம் முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது அடித்தால் அது சாவு மணி. முப்பத்திமூன்று அடி. முடிவில் மூன்று சேர்த்து அடித்தால் போனது ஆண், இரண்டென்றால் பெண்.

அவர் குளோரிக்குப் போன் போட்டார். அது ராஜகுமாரின் முழங்கைக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல், நெட் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது அடி விழுந்தது. சிலுவைமுத்து ஓடத் தொடங்கினார். ஓட்டம் என்று அவர் நினைத்ததை முந்திக்கொண்டு ஒரு கோழி போனது. நான்காவது அடிக்கு மைக்செட்காரர் மரியாதையாகப் பாட்டை நிறுத்தினார். பந்தலில் சீரியல் விளக்குகள் அணைந்தன. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.

“யாரு மாமா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒருத்தரும் இல்லல. மெஷினு.”

“மெஷினா? எந்த வீட்டு மெஷினு?”

நின்று பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஏழாவது அடிக்குக் கோயில் முற்றத்தை எட்டினார். அலுவலக வாசலில் கையை ஊன்றி மூச்சு வாங்கியபோது மேலே மூன்று அடிகள் சேர்ந்து விழுந்தன.

ராஜகுமார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “கேட்டேளா அண்ணாச்சி? ரெண்டாயிரத்தி நானூறு வேகம். மணி கேக்கட்டும்னு பாட்டக்கூட நிப்பாட்டித் தந்தாவ, நல்ல மனுசங்க.”

ஆண் என்று முடிவானதும் ஊருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யேசுதாசனுக்குத் தொண்ணூற்றொரு வயது. ஈஸ்டரிலிருந்து படுக்கையில்தான் இருக்கிறார். இரண்டு முறை சாமியார் வந்து கடைசிப் பூசுதல் கொடுத்தும், இரண்டு முறையும் எழுந்து கஞ்சி கேட்டவர். பெண்கள் தலையில் துணியை இழுத்துப் போட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்கள். மகள் ஜெயபாய் அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அழுகையைக் கேட்டதும், தான் இந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில்தான் அப்பா போயிருக்கிறார் என்று நினைத்து, அரைத்த கையோடு ஓடிவந்து கட்டிலில் விழுந்து அழுதாள்.

யேசுதாசன் கண்ணைத் திறந்தார். “யாருக்குட்டி மணி?”

“உங்களுக்குத்தான் அப்பா” என்றாள் ஜெயபாய். பிறகுதான் அழுகையை நிறுத்தினாள்.

நாலு மணிக்குக் கோயில் முற்றத்தில் பாதி ஊர் நின்றது. பங்குத்தந்தை சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போயிருந்ததால், பங்குப் பேரவைத் துணைத் தலைவர் ஆன்ட்ரூஸ் விசாரித்தார். 

“காத்தாலையில காத்தாடிக்கு ஒரு கட்டளை குடுத்தா முப்பது செகண்ட் பொறுக்கணும்” என்றார் ராஜகுமார். “உடனே அடுத்தது குடுத்தா அது குழம்பிரும். அந்தப் பழக்கத்துல ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்தேன்.”

“அது எங்களுக்குச் சாவு மணியாக்கும்.”

“எங்க ஊர்ல சங்கு ஊதுவாவ. எனக்கு எப்பிடித் தெரியும்?”

“செரி. கடைசில மூணு எதுக்கு அடிச்சீரு?”

ராஜகுமார் கொஞ்சம் யோசித்தார். “அது சந்தோசத்துல.”

பின்னால் யாரோ சிரித்து, ஆன்ட்ரூஸின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். அதற்குள் மைக்செட்காரர் தானாகவே அறிவிப்பைத் தொடங்கியிருந்தார். சாவு அறிவித்தே பழகிய குரல். “யேசுதாசன் அவர்கள் இன்று பிற்பகல் மூன்று மணி அளவில் இறக்கவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்” என்று போனபோது ஆன்ட்ரூஸ் ஆளனுப்பி நிறுத்தினார்.

“மெஷினு வேண்டாம்” என்றார் ஆன்ட்ரூஸ். “இன்னைக்கு உசிரோட இருக்குத ஆளுக்கு அடிச்சிருக்கு. இனி கொடி எறங்குமுன்ன வேற யாருக்கு அடிக்குமோ. கயிறே மதி, அது போதும்.”

சிலுவைமுத்து கால்சட்டை போட்ட பிள்ளை மாதிரி வேட்டியை மேலே தூக்கி, வீங்கியிருந்த முட்டைச் சபைக்குக் காட்டினார். “இத வச்சிக்கிட்டு அம்பது மட்டம் ஏறணும். அப்புறம் மூணு அடிக்கது எனக்காக்கும்.”

கூட்டத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் கயிற்றைப் பிடிக்க ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் ஆன்ட்ரூஸ் ஒரு வழி சொன்னார். பாதிக்கப்பட்டவர் யேசுதாசன். அவர் சம்மதித்தால் மெஷின் அடிக்கட்டும். சம்மதிக்காவிட்டால் கயிறு.

ஐந்து மணிக்கு சிலுவைமுத்து யேசுதாசனின் கட்டிலோரம் போய் நின்றார். கிழவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அழ வந்தவர்களில் நாலு பேர் காப்பிக்காகத் தங்கியிருந்தார்கள்.

“மாமா, பொறுத்துக்கிடணும். தெரியாம நடந்துபோச்சு.”

“செத்ததா அடிச்சது போட்டும்” என்றார் யேசுதாசன். “நான் எண்ணினேன். ஏழும் மூணும் பத்து. எங்க அண்ணனுக்கு முப்பத்திமூணும் மூணும் அடிச்சிய. எனக்கு என்னல பத்து? நான் என்ன கொறஞ்சவனா?”

சிலுவைமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. “அது சோதனைக்கு அடிச்சது மாமா. நெசத்துக்கு முழுசா அடிக்கும்.”

“யாரு? அந்த மெஷினா? அதுக்கு எண்ணத் தெரியாது. நான் பாக்க முடியாத நேரத்துல எட்டோட நிப்பாட்டிட்டா யாருகிட்ட போய்ச் சொல்ல?” கிழவர் கஞ்சிக் கிண்ணத்தை ஜெயபாயிடம் நீட்டினார். “திருவிழாவுக்கு மெஷினு அடிக்கட்டு. எனக்கு நீதான் ஏறணும். கயித்துல. முப்பத்திமூணு. இங்க வச்சு சொல்லு, நான் சம்மதிக்கேன்.”

சிலுவைமுத்து கணக்குப் போட்டார். ஐம்பதுக்குப் பதில் ஒன்று. லாபம்தான். ஆனால் அந்த ஒன்று என்றைக்கு?

“ஏறுதேன் மாமா. ஆனா அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி ஆபரேஷன். அதுக்குப் பொறவு மூணு மாசம் படி ஏறக்கூடாதாம்.”

“அதுவரைக்கும் நான் கெடக்கணுமா?”

“கெடக்கணும்.”

யேசுதாசன் கூரையைப் பார்த்து யோசித்தார். “நாலு மாசம் ஆகுமே.”

“நாலர வச்சுக்கிடுவோம் மாமா. புது முட்டு பழகணும்லா.”

“மருந்து கசக்கு.”

“குடிக்கணும். குடிக்காம எப்பிடி?”

காப்பி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரையும் சாட்சி வைத்து இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு முன் ராஜகுமார் கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, போர்ட் நம்பர் இரண்டாகவே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வேகத்தை ஒரு தாளில் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டினார். குளோரி அதற்குக் கீழே, ‘ஒற்றையாக அடித்துப் பார்க்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதினாள். கொடி ஏறும்போது சிலுவைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தினார். மணி விடாமல் அடித்தது. டாக்டர் சொன்னபடியே அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மணி தானாக அடித்து ஓய்ந்தது. அரை மணி நேரம் கழித்து, யேசுதாசன் வீட்டு அடுக்களையில் விளக்கு எரிவதைப் பார்த்துக் கதவைத் தட்டினார் சிலுவைமுத்து. கையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டை.

“இந்நேரத்துல என்ன அண்ணே?” என்றாள் ஜெயபாய்.

“காலத்த மருந்து குடுத்தியா?”

“குடுத்தாச்சு. துப்பிட்டாரு.”

சிலுவைமுத்து செருப்பைக் கழற்றினார். “ஸ்பூன எடு. நான் குடுக்கேன்.”