ஒட்டுக்குக் கீழே முளைத்தது

எங்கள் மகள் ராஜப்ரியா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, என் மனைவி சொர்ணவல்லி வாய்விட்டுப் பேசியதெல்லாம் கொல்லையில் இருந்த ரோஜாச் செடியோடுதான். மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மானகிரி நர்சரியில் வாங்கிவந்து, தன் கையால் குழி தோண்டி நட்ட செடி அது. அடர் சிவப்பு. பூத்தால் வாசல்வரை மணக்கும்.

நான் தச்சன். காய்ந்த மரம்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் ரோஜாவுக்குக் கவாத்து வேண்டும் என்கிற அளவுக்குத் தெரியும். ஆடியில் கத்திரியோடு போனேன். வல்லி குறுக்கே நின்றாள்.

“அவ வச்ச செடியில கத்தி படக்கூடாது. அங்குட்டுப் போங்க.”

உன் இஷ்டம் மகராசி என்று திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நாளில் அடித்தண்டிலிருந்து ஒரு தளிர் கிளம்பியது. நெடுநெடுவென்று வளர்ந்து என் இடுப்பைத் தாண்டியது. வல்லிக்கும் உயிர் வந்தது. எரு, முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர் என்று அதற்கு நடந்த உபசாரம் கட்டிய புருஷன் எனக்கு நடந்ததில்லை. மேலே பழைய கிளைகள் ஒவ்வொன்றாகக் கறுத்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேளைக்குச் சாப்பிட்டாள், தலை வாரினாள், ஒருநாள் என் நரைத்த மீசையைக் கிண்டல்கூடச் செய்தாள். அந்தத் தளிரை நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

மாசி பிறந்தும் மொட்டு வரவில்லை. நர்சரிக்காரர் அழகுசுந்தரத்திடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது ஒட்டுச்செடிண்ணே. காட்டு ரோஜா வேர்ல நல்ல ரோஜாவை ஒட்டியிருக்கோம். ஒட்டுக்குக் கீழ முளைக்கிறதை அப்பப்ப நறுக்கிறணும். நீங்க விட்டுட்டீக. அது சத்தையெல்லாம் இழுத்துக்கிட்டு, மேல இருந்தது பட்டுப்போச்சு. இப்ப நிக்கிறது காட்டுச் செடிதான்.”

அதே சிவப்பில் வேறொரு செடியை எடுத்து நீட்டினார். எனக்கு வாங்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வாய் திறக்காமலே நாளைக் கடத்தினேன். அவள் சிரிப்பது அந்தச் செடியால்தான் என்று எனக்குத் தெரியும்.

மகளின் வருஷத் திதி நெருங்கியது. பூவுக்குச் சொல்லிவைக்கக் கிளம்பினேன்.

“கடைப் பூ எதுக்கு? அவ பூ வந்துரும். படத்துக்கு அதைத்தான் வைக்கணும்” என்றாள் வல்லி.

“வராது. வேற பூ வாங்குவோம்.”

“வரும். நீங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

“வராதுடி! அது அவ செடியே இல்ல. அவ செடி என்னைக்கோ செத்துப்போச்சு. நீ காட்டு முள்ளுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க!”

பாழாய்ப்போன கோபம். நர்சரிக்காரர் சொன்னதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். நறுக்கியிருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் அழவில்லை. கொல்லைக்குப் போய், செடியருகே குந்தி உட்கார்ந்து கறுத்த கிளையைத் தொட்டாள். படக்கென்று ஒடிந்து கையோடு வந்தது.

“எப்பங்க செத்துச்சு?”

“தெரியலை வல்லி. ஐப்பசி வாக்குல இருக்கும்.”

“தினமும் தொட்டுத் தொட்டுத்தானே பாத்தேன்” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

“ஆசுபத்திரியில அவ கையைப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். நர்ஸ் வந்து கையை எடுக்கச் சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கும் எனக்குத் தெரியலைங்க.”