நாற்காலியின் நாலாவது கால்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

எம்.பி. இறந்துபோனால், தில்லியில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ரயிலேறி ஊருக்கு வந்துவிடும். எங்கள் ஊருக்கும் வந்தது. ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் மெதுவாக நடந்து, சந்தைத் திடலில் நின்றது. இடைத்தேர்தலில் ஜெயித்தவரைச் சுமந்துகொண்டு திரும்பிப் போகும்.

அதுவரைக்கும் மந்திரிமார் இங்கேதான். ஒருவர் டீ ஆற்றினார். ஒருவர் சட்டைகளுக்கு அயன் போட்டார். எங்கள் மேட்டுத்தெருவுக்கு வந்தவர் தலையில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்தார், சிந்தாமல் சுமந்தார். தெருவில் குழாய் உண்டு. அதில் காற்றுதான் வரும். நாற்காலி ரயிலேறினால் மந்திரியும் ஏறிவிடுவார், அப்புறம் பழையபடி குடம் எங்கள் தலைக்குத்தான்.

பஞ்சர் கடை சிலம்பாயிக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டுக்கு முந்தின சாயங்காலம் ஸ்பேனரோடு திடலுக்குப் போனாள்.

"எம்புட்டு தூரம் நடந்து வந்திருக்கே. காலைக் குடு சாமி, எண்ணெய் போட்டுத் தாரேன்."

அதை அப்படி யாரும் விசாரித்ததில்லை. நாற்காலி ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தது. அவள் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி நாலு காலில் நின்றால்தான் ஓட்டு மெஷின் கத்தும். மறுநாள் காலை ஒரு மெஷினும் கத்தவில்லை. மந்திரி குடத்தோடு ஓடி வந்தார்.

"அக்கா, கால் எங்கக்கா?"

"தெருக் குழாய்க்குள்ள கெடக்கு தம்பி. தண்ணித் தொட்டிப் பக்கமாப் போட்டேன்."

"கையை விட்டு எடுத்துக் குடுங்கக்கா, நல்லாருப்பீங்க!"

"கைக்கு எட்டாது. தண்ணி விட்டா தானா வந்துரும்."

மந்திரி குழாயை ஒரு பார்வை பார்த்தார், சிலம்பாயியை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எலெக்‌ஷன்ல நிக்காம விட்டீங்களே, அதுவே எங்க புண்ணியம்" என்றார்.

மத்தியானத்துக்குள் மோட்டார் வந்தது, பம்பு ஓடியது. குழாய் இருமியது, செருமியது. கால் வழுக்கிக்கொண்டு சிலம்பாயி மடியில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். அவள் காலை மாட்டினாள்; மெஷின்கள் கத்தின.

ஜெயித்தவர் மாலையோடு நாற்காலியில் அமர்ந்தார். ஸ்டேஷன் வரைக்கும் சிலம்பாயியும் கூடப் போனாள். "அங்க போயி மறந்துறாதே" என்று நாற்காலியிடம் சொன்னாள். பிறகு குனிந்து, மூன்று கால்களைத் தில்லி பார்க்க விட்டுவிட்டு, நாலாவதை மட்டும் மேட்டுத்தெருப் பக்கமாகத் திருப்பி, ஸ்பேனரால் இறுக்க முடுக்கினாள்.