நீலக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே

ஆய்வகத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் யூஹ்வா அக்கா அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது நான் காபி மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். எலியின் தொடைத் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள். அடியில், கிட்டத்தட்ட விளிம்பில், மை சிந்தியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. ஒரு வருஷம் தேடிவிட்டு, இதே அறையில் எழுந்து நின்று, "அப்படி ஒன்று இல்லை" என்று நான் கைவிட்ட புரதம் அது.

"நாரே, உன் பேய் கடைசில மூஞ்சியைக் காட்டிடுச்சு போல!" என்றான் கூட ஆய்வு செய்யும் கிபோம், என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியர் ஹ்வாங் உட்பட. நான் பட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த, புரதங்களைப் பிரித்த ஜெல்லின் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழ் ஓரத்தில் நீலக்கோடு அப்படியே நின்றது.

தசை சுருங்க, செல்லுக்குள் இருக்கும் ஒரு பையிலிருந்து கால்சியம் வெளியே கொட்ட வேண்டும். தளர வேண்டுமென்றால் அதைத் திரும்ப உள்ளே இறைக்க வேண்டும். இறைக்கிற பம்பின் மேல் உட்கார்ந்துகொண்டு 'மெல்ல, மெல்ல' என்று அதை அடக்கிவைக்கும் சிறு புரதங்கள் சில உண்டு. ரொம்பச் சிறியவை என்பதால் அவற்றின் மரபணுக்களை வெகுகாலம் குப்பை என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்தக் குப்பையைக் கிளறி ஒன்றைப் பொறுக்கி எடுத்தவள் நான். என் முனைவர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது. தென்கொரியாவில், டேஜோன் நகரத்து எங்கள் ஆய்வகத்தில் மற்றவர்களெல்லாம் ராட்சதப் புரதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். புரதக் கலவையை ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை குடுகுடுவென்று இறங்கும், பெரியவை முக்கி முனகி வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நீலச்சாயம் ஓடும். பெரியவற்றைப் பிரிக்க, அந்த நீலம் அடியில் வழிந்து வெளியேறும்வரை ஓடவிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அது மாறாத வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக வருகிறவளை ஒரு மூத்தவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பட்டாளத்திலிருந்து வந்த பழக்கம். அவர் கை போகிற வழியில் நம் கையும் போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. என்னை யூஹ்வா அக்காவிடம் ஒப்படைத்தார்கள். ஆனாலும் நான் ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, இது ரொம்பச் சின்னது. நீலம் வெளிய போறதுக்குள்ள நிறுத்திப் பாக்கட்டுமா?"

அவள் என் முடியைக் கலைத்துவிட்டாள். "சீக்கிரம் நிறுத்தினா எல்லாம் ஒண்ணா அப்பிக்கும்டி. நான் சொல்றதைக் கேளு, ஓடவிடு."

ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் புரதம் நீலத்தோடு சேர்ந்து ஜெல்லுக்குக் கீழே இருக்கும் உப்புக்கரைசலில் இறங்கியிருக்கிறது. அந்தக் கரைசலை நானே கழுவுதொட்டியில் கொட்டியிருக்கிறேன். கைவிட்ட அன்று அழுதேன். அக்காதான் காரமான அரிசிக் கேக் வாங்கிக் கொடுத்து, என் மூக்கைத் துடைத்து, மிச்சமிருந்த சாம்பிள்களைத் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டாள். எவ்வளவு நல்லவள் என்று அன்றைக்கு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் அவளை ஐஸ் இயந்திரத்தருகே பிடித்தேன்.

"அக்கா, உங்க ஜெல்லுல நீலக்கோடு இருக்கு."

வாளியில் ஐஸ் அள்ளிக்கொண்டே, "அதுக்கென்ன?" என்றாள்.

"நீங்க முன்னாடியே நிறுத்தியிருக்கீங்க. நான் கேட்டன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அள்ளுவதை நிறுத்தினாள். "கட்டுரையில ரெண்டாவது பேரு உன்னோடதுதான். சார்கிட்ட சொல்லிட்டேன்."

"நான் அதைக் கேக்கல அக்கா."

"உனக்கு வயசு இருக்கு நாரே. வேற ஒண்ணைத் தேடிக்குவ. எனக்கு அடுத்த வருஷம் இங்க இடம் கிடையாது. முதல் பேரு இல்லாம நான் எங்க போய் நிப்பேன்?"

'தெரியாது' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பித் தொலைத்திருப்பேன். அந்தப் பொய்க்குக்கூட நான் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டாள்.

மதியம் பேராசிரியர் எல்லோரையும் மேசையிலேயே கறி சுட்டுச் சாப்பிடும் கடைக்கு அழைத்துப் போனார். கடைசியாகச் சேர்ந்தவள் நான் என்பதால் இறைச்சி சுடுவது என் வேலை. அடுப்பருகே உட்கார்ந்து, இடுக்கியால் பன்றிக்கறியைப் புரட்டி, கத்தரிக்கோலால் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாரே, உன் அக்காவுக்கு ஊத்து" என்றார் பேராசிரியர். "நீ மூழ்கவிட்டதை அவதானே கரையேத்தினா!"

இரண்டு கையாலும் சோஜு மது பாட்டிலைப் பிடித்து ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பேராசிரியருக்கு மரியாதையாக முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அக்கா குடித்தாள். நான் மறுபடி இடுக்கியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டேன்.

"பாவம், இவ ஒண்ணுமே சாப்பிடல" என்றாள் அக்கா. லெட்டூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, நன்றாக வெந்த துண்டாகப் பார்த்து வைத்து, பூண்டும் காரச் சோயா விழுதும் சேர்த்து மடித்தாள். மேசைக்குக் குறுக்கே எழுந்து அதை என் வாயருகே நீட்டினாள்.

"ஆ காட்டு."

"எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு அக்கா வாய்க்கலையே!" என்றான் கிபோம்.

பேராசிரியர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கறி கருக ஆரம்பித்திருந்தது. இலையிலிருந்து எண்ணெய் கசிந்து அவள் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.